கேட்டைத் தாண்டியதும் அறுந்த பேச்சு

ஏற்காடு,
14 செப்டம்பர்.

அன்புள்ள தோழிக்கு,

பெரியக்கா நலமாக இருக்கிறார். நேற்றுக் காலை ஒண்டிக்கடை வரை நடந்து போய், கொய்யாவுக்குப் பேரம் பேசி வாங்கிக்கொண்டு திரும்பினார். மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள், உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்; தட்டுவடை செட்டுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று தினமும் என்னிடம் மனுப் போடுகிறார். உன் மகன், மருமகள், சின்னவள் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று இரவு பேச்சை நான் துண்டிக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மறுநாள் நீ “வைத்துவிட்டாயே” என்று கேட்டாய். அதன் பிறகு மூன்று வாரமாக ஒற்றை வரிச் செய்திகளாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறாய். சேலம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில், அழைப்புகளைக் கையால் இணைக்கும் பதினேழாம் நம்பர் போர்டில் உன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஊரார் பேச்சு ஒன்றுகூட நம் கையால் அறுந்துவிடக் கூடாது என்று கண்ணும் காதுமாக இருந்தவளைப் பார்த்து நீ அந்த வார்த்தையைச் சொன்னது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நடந்ததைச் சொல்கிறேன். இரவு எட்டரை மணி. நீ பேசிக்கொண்டிருக்கும்போதே அக்காவுக்கு மூச்சு முட்டியது. கைபேசியை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டே டிரைவரைக் கூப்பிட்டு, அக்காவைப் பின் இருக்கையில் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். “வைக்காதே, நான் கூடவே இருக்கேன்” என்று நீ சொன்னாய். வைக்கமாட்டேன் என்று நானும் சொன்னேன். கார் கேட்டைத் தாண்டி சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே இறங்கியபோது உன் குரல் முதலில் துண்டு துண்டாக வந்தது. பிறகு ஒன்றுமே வரவில்லை. திரையில் மீண்டும் இணைக்க முயல்வதாக எழுத்து மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. “கண்ணு, லைன் இருக்கா?” என்று அக்கா கேட்டார். “இருக்குக்கா, அவ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கா” என்று சொன்னேன். அக்காவிடம் நான் சொன்ன பொய் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான்.

சேலம் ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்து, ஊசி போட்டு, இரண்டு மணி நேரத்தில் தெளிந்துவிட்டார். அந்தப் பகுதி உனக்குத் தெரியும். நீ அறியாதது அதற்கு முந்தைய முக்கால் மணி நேரம். எனக்கு அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

நம் ஜே.இ. (ஜூனியர் இன்ஜினியர்) சாரிடம் போனில் சொன்னேன். அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியுமே. மறுநாளே பஸ் பிடித்து மேலே வந்துவிட்டார். காபி குடிப்பதற்கு முன்பே, “வீட்டுக்குள்ளிருந்து கேட் வரை பேசிக்கொண்டே நடங்கள்” என்றார். நான்கு நாள் நடந்தோம். ஒரு நாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் காரை மெதுவாக ஓட்டச் சொல்லி, எந்த வளைவில் சிக்னல் இருக்கிறது, எதில் இல்லை என்று நோட்டில் குறித்துக்கொண்டே அடிவாரம் வரை இறங்கினோம். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வகையில் எழுதுகிறேன்.

இணையம் வழியாகப் பேசும்போது குரல் கம்பியில் ஒரே ஓட்டமாகப் போவதில்லை. பெரும்பாலும் 20 மில்லி விநாடிக்கு ஒன்றாக, விநாடிக்கு 50 பொட்டலமாக நறுக்கி அனுப்பப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் போய்ச் சேர வேண்டிய முகவரி இருக்கும். ஒன்றிரண்டு தொலைந்தால் எதிர்முனைக் கருவி அந்த இடைவெளியை நிரப்பிக்கொள்ளும். நம் காதுக்குத் தெரியாது. மூன்று விநாடி போனால் 150 பொட்டலம் போய்விட்டது. அதற்குள் நீ “ஹலோ, ஹலோ” என்று கத்தத் தொடங்கிவிடுவாய்.

வீட்டில் இருக்கும்வரை என் கைபேசி வைஃபையில் இருக்கிறது. அதன் முகவரி என் வீட்டு இணைப்பைச் சேர்ந்தது. வெளியே போனால் மொபைல் டேட்டாவுக்கு மாறுகிறது, மொபைல் கம்பெனி வேறொரு முகவரியைத் தருகிறது. சிங்கப்பூரிலிருந்து வரும் உன் குரலோ பழைய முகவரியைத் தேடி என் வீட்டுக் கூடத்துக்கே வந்துகொண்டிருக்கும். நான் இடம் மாறிவிட்டேன் என்பதை நாம் பேசும் செயலி கண்டுபிடித்து, புதிய பாதையைச் சோதித்து, உன் பக்கத்துக்குத் தெரிவித்த பிறகுதான் பேச்சு தொடரும். அப்படி நடுவில் முகவரியை மாற்றிச் சொல்ல, சிப் என்ற அழைப்பு விதிமுறையிலேயே வழி இருக்கிறது. ஆனால் சொல்லி அனுப்பவும் ஒரு பாதை வேண்டும் அல்லவா? எங்கள் கேட்டில் வைஃபை ஒரு கோட்டுக்கு வந்துவிடுகிறது. கைபேசி அந்த ஒரு கோட்டையே பிடித்துக்கொண்டு தொங்குகிறது. முழுதாக விட்டபோது பார்த்தால், சரிவின் அந்தப் பக்கத்தில் டவர் சிக்னலும் இல்லை. பழையது போய்விட்டது, புதியது வரவில்லை. அந்த இடைவெளிக்குள்தான் அன்று உன் குரல் விழுந்தது.

கார்டு என்று நாம் சொல்லும் கம்பியைச் செருகி லைன் கொடுத்த நம் போர்டை நினைத்துப் பார். ஒரு லைன் கரகரத்தால் நீ என்ன செய்வாய்? பேசுகிறவரிடம் சொல்லிவிட்டு, வேறு டிரங்கை, அதாவது வேறு வெளியூர் லைனைப் பிடித்து, அந்தப் பக்கம் குரல் கேட்கிறதா என்று சோதித்த பிறகுதான் பழைய கார்டைப் பிடுங்குவாய். புதிய ஆளாக நான் ஒருமுறை முதலில் பிடுங்கிவிட்டதற்கு மேற்பார்வையாளர் அம்மா என்னை எல்லோர் முன்பும் நிற்க வைத்தது உனக்கு நினைவிருக்கும். கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே 1960-இலேயே ஆபரேட்டர் இல்லாமல் வெளியூருக்கு நேராக டயல் செய்யும் எஸ்.டி.டி. வந்துவிட்டாலும், 1979-இல் நாம் சேர்ந்தபோது நம் போர்டில் கூட்டம் குறையவில்லை. செவ்வாய்ப்பேட்டைக்காரர் மிக அவசரத்துக்கான லைட்னிங் கால் போட்டுக் கொலுசு எடை கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அப்போது இரண்டு லைன்களுக்கும் மேலே நாம் இருந்தோம். இப்போது என் வீட்டு வைஃபை ஒருவருடையது, டவர் இன்னொருவருடையது. இரண்டையும் சேர்த்துப் பார்க்கிற ஆள் நடுவில் கிடையாது.

டவருக்கு டவர் மாறும்போது இந்தத் தொல்லை பெரிதாக இல்லை என்பதைப் பார்த்து எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. கைபேசி அக்கம்பக்கத்து டவர்களின் பலத்தை அளந்து சொல்லிக்கொண்டே இருக்கிறதாம். இருக்கிற டவர் அடுத்த டவரிடம் முன்கூட்டியே இடம் கேட்டு வைத்துவிட்டுத்தான் கைபேசியை அனுப்புகிறது; இடையில் வந்த பொட்டலங்களையும் அங்கே தள்ளிவிடுகிறது. முகவரியும் மாறுவதில்லை, ஏனென்றால் அதைக் கொடுப்பது டவர் அல்ல, கம்பெனியின் மைய அமைப்பு. நாம் செய்த வேலையை யாரோ புரிந்துகொண்டு செய்திருக்கிறார்கள் என்று தோன்றியது. கொண்டப்பநாயக்கன்பட்டியிலிருந்து அஸ்தம்பட்டி வரை பேசிக்கொண்டே போனோம், ஓர் எழுத்துக்கூட விழவில்லை.

இதே முறையை வீட்டு வைஃபைக்கும் கொண்டு வந்திருக்கிறார்கள். 2019 டிசம்பரில் நம் நாட்டில் தொடங்கிய வைஃபை காலிங்கில், சாதாரண போன் அழைப்பே வீட்டு இணைப்புக்குள் ஒரு பூட்டிய குழாய் வழியாகக் கம்பெனியின் மைய அமைப்பு வரை போகிறது. முகவரியைக் கொடுப்பது அங்கேயும் கம்பெனியே; ஆகையால் வீட்டை விட்டு 4ஜி டவருக்குள் நுழைந்தாலும் பேச்சு தொடரும். ஆனால் கேட்டில் 4ஜி இருந்தால்தானே! வெளிநாட்டுக்குக் கட்டணமும் ஆகும். அதனால்தானே நாமும் செயலியில் பேசுகிறோம்.

1996-லேயே இன்னொரு வழி எழுதி வைத்திருக்கிறார்கள். வீடு மாறினால் தபால் ஆபீஸில் எழுதிக் கொடுத்து, பழைய முகவரிக்கு வரும் கடிதத்தைப் புதிய வீட்டுக்குத் திருப்பிவிடச் சொல்கிறோமே, அதே ஏற்பாடு. மொபைல் ஐ.பி. என்று பெயர். உன் குரல் முதலில் ஒரு நிலையான இடத்துக்கு வரும், அங்கிருந்து நான் இருக்கும் இடத்துக்குத் திருப்பப்படும். சுற்றிப் போவதால் தாமதம் கூடும். ஒரு பக்கப் பயணம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால்தான் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. இந்த ஏற்பாடு நம் கைகளில் இருக்கும் சாதாரணக் கைபேசிகளுக்கு வந்து சேரவில்லை. இத்தனை வருடம் ஆகியும் வரவில்லையே என்று எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

இந்த மலையில் எத்தனை வீடுகளில் வயதானவர்கள் மட்டும் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பார். பிள்ளைகள் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். வீட்டுக்குள் உட்கார்ந்து பேரன் பேத்தி முகம் பார்த்துப் பேசும்வரை எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆபத்து வந்தால் யாரும் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவார்கள். பேச்சு அறுவது சரியாக அந்த வாசலில். அந்தப் பக்கம் இருப்பவர்கள் அந்த மௌனத்தை என்னவென்று எடுத்துக்கொள்வார்கள்? அந்த முக்கால் மணி நேரத்தில் நீ என்ன நினைத்தாய் என்று உன்னிடம் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

எங்கள் வீட்டுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். தெற்கு அறை ஜன்னலோரத்தில் டவர் சிக்னல் நிலையாக நிற்கிறது. டிரைவர் வீட்டுப் பக்கமாகப் போகும் பழைய தோட்டப் பாதையில் இறங்கினால் ரோடு வரை அறுவதே இல்லை. அக்காவோடு வெளியே கிளம்புவதாக இருந்தால், அந்த ஜன்னலில் நின்று வைஃபையை அணைத்துவிட்டு, டேட்டாவில் உன்னைப் புதிதாக அழைத்துவிட்டுத்தான் படியிறங்குவேன். ரோட்டில் பன்னிரண்டாம் வளைவுக்கும் ஒன்பதாம் வளைவுக்கும் நடுவே எப்படியும் அறும், அதற்கு ஜே.இ. சாரிடமும் மருந்து இல்லை. நாங்கள் ஓட்டிப் பார்த்ததில் ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடம் பயப்படாமல் இரு.

இன்னொன்று. அன்று நான் உன்னை அழைக்க, அதே நேரத்தில் நீ என்னை அழைக்க, சிக்னல் வந்த பிறகும் இருவருக்கும் பிஸி என்றே வந்துகொண்டிருந்தது. என் போனில் உன் தவறிய அழைப்புகள் பத்தொன்பது இருந்தன. போர்டில் நாம் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்ததை நாமே மறந்துவிட்டோம்: கால் போட்டவர்தான் திரும்பப் போட வேண்டும், மற்றவர் ரிசீவரை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மாலை ஐந்தரை, உனக்கு எட்டு மணி. ஜன்னலிலிருந்து நான் அழைக்கிறேன். அக்காவும் நானும் தோட்டப் பாதையில் ரோடு வரை பேசிக்கொண்டே நடப்போம். அறுந்தால் நீ எதையும் தொடாதே. நான்தான் போடுவேன்.

அன்புடன்,
உன் பக்கத்துப் போர்டுக்காரி