கரண்ட் பில் போடுற கமிஷன் பக்கமும் கொஞ்சம் வாங்க

அமெரிக்காவுல சுற்றுச்சூழலுக்கு ஆதரவான வேட்பாளர்களை ஜெயிக்க வைக்க ஓடியாடி வேலை பார்க்குற எல்லா அமைப்புகளுக்கும் வணக்கம்.

எலெக்‌ஷன் நெருங்குனா உங்கள்ல சிலபேர் ஒரு மெசேஜ் அனுப்புவீங்க, இன்னைக்கு நள்ளிரவோட கெடு முடியுது, உடனே 5 டாலர் போடுங்க, இல்லன்னா எல்லாம் போச்சுன்னு. மறுநாள் பார்த்தா அதே கெடு இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போயிருக்கும். யாருன்னு பேர் சொல்லல, அனுப்புறவங்களுக்கே தெரியும். காசு கேக்குறது தப்பே இல்ல, ஆனா அந்தக் காசு பெரும்பாலும் செனட், பிரசிடென்ட்னு பெரிய ரேஸுக்கே டிவி விளம்பரமா கரைஞ்சு போகுதே, அதுதான் என் பிரச்சினை.

ஆரம்பத்துல நீங்க இப்படி இல்லையே. 1970ல, முதல் எர்த் டே நடந்த அதே வருஷம், என்விரான்மென்டல் ஆக்‌ஷன்னு ஒரு சின்ன குரூப் சுற்றுச்சூழல் விஷயத்துல மோசமா ஓட்டுப் போட்ட 12 காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) உறுப்பினர்களைப் பொறுக்கி எடுத்து 'டர்ட்டி டஜன்'னு பேர் வச்சு எதிர்த்து நின்னாங்க, அதுல 7 பேர் தோத்தாங்க. ஜார்ஜ் ஃபாலன் அதுல ஒருத்தர், கீழ்ச்சபையான ஹவுஸ்ல பொதுப்பணிக் கமிட்டித் தலைவர், டெமாக்ரட், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்குற ப்ரைமரிலயே மண்ணைக் கவ்வுனாரு. அந்த வருஷக் கடைசி நாள் கிளீன் ஏர் ஆக்ட்ல கையெழுத்துப் போட்டது ரிபப்ளிகன் நிக்சன். 1973ல அழிஞ்சு வர்ற உயிரினங்களுக்கான சட்டம் ஹவுஸ்ல 355க்கு 4னு பாஸ் ஆச்சு. ரெண்டு கட்சிக்காரனுக்கும் உங்கமேல பயம் இருந்துச்சு, அவ்ளோதான் விஷயம்.

இப்போ பாருங்க. 2022ல இன்ஃப்ளேஷன் ரிடக்‌ஷன் ஆக்ட் செனட்ல ரெண்டு பக்கமும் சமமா நின்னப்போ, அப்போ துணை அதிபரா இருந்த கமலா ஹாரிஸ் ஓட்டுல 51க்கு 50னு பாஸ் ஆச்சு. 2025 ஜூலைல அதுல இருந்த சோலார், காத்தாலை வரிச்சலுகைகளை வெட்டித் தள்ளுன மசோதாவும் செனட்ல அதே 51க்கு 50, இந்தத் தடவை துணை அதிபர் ஜே.டி. வான்ஸ் ஓட்டு. ஒரு ஓட்டுல வந்தது மூணே வருஷத்துல ஒரு ஓட்டுல போச்சு. இதுக்காகவா இவ்ளோ கோடி செலவு பண்றீங்க?

வாஷிங்டனை விட்டுடுங்கன்னு சொல்லல. பாலட் பேப்பர்ல கீழ, கைவலிச்சு ஜனங்க காலியா விட்டுட்டுப் போற இடம் இருக்கே, அங்க வாங்கன்னு சொல்றேன். ஜார்ஜியா ஸ்டேட்ல கரண்ட் விவகாரத்தை முடிவு பண்ற பப்ளிக் சர்வீஸ் கமிஷன்ல, ஜனங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்குறவங்க மொத்தமே அஞ்சு பேர், ஆறு வருஷப் பதவி. யூனிட்டுக்கு என்ன ரேட், புதுசா கேஸ் பிளான்ட்டா சோலாரா, டேட்டா சென்டருக்கு யார் தலைல செலவைக் கட்டுறது, எல்லாம் அவங்க கைல. ஒரு வழக்கால 2020க்கு அப்புறம் அதுக்கு எலெக்‌ஷனே நடக்கல, 2025 நவம்பர்ல நடந்தப்போ அலிசியா ஜான்சன், பீட்டர் ஹப்பர்ட்னு ரெண்டு டெமாக்ரட் வேட்பாளர்கள், பதவில இருந்த ரெண்டு ரிபப்ளிகன் கமிஷனர்களைத் தோற்கடிச்சாங்க. பனிக்கரடி போட்டோ காட்டி ஜெயிக்கல, கரண்ட் பில்லைக் காட்டி ஜெயிச்சாங்க, இதை நோட் பண்ணுங்க.

அரிசோனால கரண்டும் தண்ணியும் கொடுக்குற சால்ட் ரிவர் ப்ராஜெக்ட்டோட போர்டு இன்னும் வேடிக்கை. அங்க பெரும்பாலான சீட்டுக்கு நிலத்தைக் கணக்குப் பண்ணித்தான் ஓட்டு, 10 ஏக்கர் வச்சிருந்தா 10 ஓட்டு, அரை ஏக்கர்னா அரை ஓட்டு, வாடகை வீட்டுக்காரருக்கு பில் மட்டும் உண்டு, ஓட்டு கிடையாது (இந்தக் காலத்துலயும்!). அந்த எலெக்‌ஷனும் நவம்பர்ல இல்ல, ஏப்ரல்ல, பாதிப் பேருக்கு நடக்குறதே தெரியாது. நீங்க கதவு தட்ட வேண்டிய இடம் இதுதானே?

இன்னொன்னு, வரிச் சட்டத்துல 501 சி 3ன்னு சொல்ற தர்ம அமைப்பு வேட்பாளருக்கு வேலை பார்க்கக் கூடாது, 501 சி 4ன்னு சொல்ற அமைப்பு ஓரளவு பார்க்கலாம் ஆனா அதுக்குக் கொடுக்குற காசுக்கு வரிவிலக்கு கிடையாது, இதை நன்கொடை கேக்குறப்பவே பளிச்சுன்னு சொல்லுங்க. புதுசா சிட்டிசன் ஆனவங்க பலபேர் ரெண்டும் ஒண்ணுன்னே நினைச்சுட்டு இருக்காங்க.

லீக் ஆஃப் கன்சர்வேஷன் ஓட்டர்ஸ்காரங்க கிட்ட தனியா ஒரு வேண்டுகோள். காங்கிரஸ் உறுப்பினர் ஒவ்வொருத்தருக்கும் வருஷா வருஷம் நூத்துக்கு எவ்ளோன்னு மார்க் போடுறீங்க இல்லையா, அந்த மாதிரி கமிஷனர்கள் தேர்தல்ல நிக்குற ஒவ்வொரு ஸ்டேட்டுக்கும் ஒரு மார்க் ஷீட் போடுங்க. எந்த ரேட் உயர்வுக்கு யார் கை தூக்குனா, எந்த கேஸ் பிளான்ட்டுக்கு யார் சரின்னு சொன்னா, தேர்தல் செலவுக்கு யார்கிட்ட காசு வாங்குனா, எல்லாம் ஒரே பக்கத்துல, வக்கீல் பாஷை இல்லாம. ஓட்டுச் சீட்டு தபால்ல வர்றதுக்கு முன்னாடி அது கைக்கு வந்துடணும்.