சித்திரப் பாடம் கையிலிருந்து தொடங்கட்டும்

ஆசிரியருக்கு,

ஓவியத்தின் தோற்றம் பற்றிய பாடம் வந்தால் வகுப்பில் நடப்பது ஒன்றுதான். புத்தகத்திலுள்ள குகை எருதைப் பார்த்துப் பிள்ளைகள் பென்சிலால் கீறுகிறார்கள், ஆண்டைப் பாடமாக்குகிறார்கள். எருது வந்துவிடுகிறது, மனிதன் எதற்காகப் படம் கீறினான் என்ற கேள்வி வருவதில்லை. எருதைப் பிறகு பார்க்கலாம். கையிலிருந்து தொடங்குங்கள்.

கையில் சாயம் பூசிச் சுவரில் பதிப்பதைச் சொல்லவில்லை. கையைப் பாறையில் வைத்து, சுற்றிலும் காவி நீரைத் தூவி, பிறகு எடுப்பது. சிவப்புக்கு நடுவே கை இருந்த இடம் மட்டும் வெறுமையாக நிற்கும். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில், லியாங் திம்புசெங் குகையில் உள்ள அப்படியொரு கைக்குக் குறைந்தது 39,900 ஆண்டு வயது. அளந்தது சாயத்தை அல்ல, அதன்மேல் படிந்த சுண்ணப் படிவை. யுரேனியம் சிதைந்து தோரியமாகும் அளவிலிருந்து வந்த கணக்கு. படிவுக்கு முந்தியது ஓவியம் என்பதால்தான் அந்தக் 'குறைந்தது'. பரீட்சைக் குறிப்புகள் முதலில் விழுங்குவதும் அந்தச் சொல்லைத்தான்.

இதை வகுப்பில் செய்ய, சீமெந்துத் தரைக்குப் போடும் சிவப்புத் தூள் போதும். காவியின் நிறமும் அதே இரும்பு ஒட்சைட்டுத்தான். 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 3 தேக்கரண்டி தூள், 1 தேக்கரண்டி கஞ்சித் தண்ணீர். கஞ்சி சேர்க்காவிட்டால் காய்ந்ததும் தூள் உதிரும். துணியில் வடித்தெடுங்கள், பால் பதம் வேண்டும். ஸ்ட்ரோவை இரண்டாக வெட்டி, ஒன்றைக் கோப்பையில் நிமிர்த்தி, மற்றதை அதன் நுனிக்கு நேரே கிடையாகப் பிடித்துப் பலமாக ஊதினால், வேகமாகப் போகும் காற்று சாயத்தை மேலே இழுத்துத் துளியாகச் சிதறடிக்கும். ஏறவில்லையென்றால் நிமிர்ந்த துண்டு நீளம், அல்லது சாயம் தடிப்பு. ஊதுவது மட்டுமே, உறிஞ்சக் கூடாது; வாயில் சாயத்தை வைத்துத் துப்பவே கூடாது.

சுவரில் ஒட்டிய தாளில் உள்ளங்கை அழுந்த வேண்டும். விரலோரம் தூக்கினால் சாயம் கீழே புகுந்து ஓரம் கலங்கிவிடும். ஒரு சாணுக்குக் கிட்ட வந்து ஊதினால் வழியும். கச்சான் காலத்தில் யன்னலைச் சாத்துங்கள், இல்லாவிட்டால் பாதிச் சாயம் பக்கத்து வகுப்புக்குப் போகும்.

தாள்கள் காய்ந்தபின் பெயரில்லாமல் வரிசையாகத் தொங்கவிட்டு, எது யாருடைய கை என்று கேளுங்கள். வளைந்த சின்னி விரல், குட்டைப் பெருவிரல் என்று பார்த்து ஆளைச் சொல்லத் தொடங்குவார்கள். தாளில் கை இல்லை, ஆள் தெரிகிறது. படம் எதற்கு என்ற கேள்வியை எழுப்ப அந்த நிமிடத்தைவிட நல்ல நேரம் கிடைக்காது. பிறகு எருதைக் காட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. இதைத் தாளோடு நிறுத்த வேண்டும். சுற்றுலா போகும் இடத்துப் பாறையில் வேண்டவே வேண்டாம். மற்றது, இந்தச் சிவப்பு வெள்ளைச் சீருடையில் பட்டால் எந்தச் சவர்க்காரத்துக்கும் முழுதாகப் போகாது. வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில், பழைய சேர்ட்டோடு வைத்துக்கொள்வது நல்லது.

சித்திர ஆசிரியர்கள் சிலர்,
திருகோணமலை.