வாய்த்துடுக்குக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். லண்டன் குளிர்கூடக் கொஞ்சம் பழகிவிட்டது, குளிரைப் பற்றிய பேச்சுதான் பழகவில்லை. லிஃப்டில் ஏறினாலும் டீ போடப் போனாலும், யாராக இருந்தாலும் முதலில் வானிலைதான். ஜன்னல் எனக்கும் இருக்கிறதே! இதை 1758-லேயே ஒருவர் கிண்டல் செய்துவிட்டார். இரண்டு ஆங்கிலேயர்கள் சந்தித்தால், இருவருக்கும் தெரிந்த வெயிலையும் மழையையும் அவசர அவசரமாக ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்களாம்.

அவர்தான் ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன். ஃப்ளீட் தெருவுக்குப் பின்னால், காஃப் சதுக்கத்தில் அவர் குடியிருந்த வீடு இன்னும் இருக்கிறது. என் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பக்கம் போய்விடுகிறேன். அந்த வீட்டு மாடியில் ஆறு பேரை உதவிக்கு வைத்துக்கொண்டு 40,000 சொற்களுக்கு மேல் உள்ள ஆங்கில அகராதியைத் தொகுத்து 1755-இல் வெளியிட்டார். அதிலும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. டாக்டர் சொன்னாரென்று காலையில் முகத்தைச் சுளித்துக்கொண்டு கஞ்சி குடிக்கிறீர்களே, அந்த ஓட்ஸ், இங்கிலாந்தில் குதிரைக்குப் போடுவது, ஸ்காட்லாந்தில் மனிதர்கள் பிழைப்பதே அதில்தான் என்று எழுதிவைத்தார். உதவிக்கு உட்கார்ந்த ஆறு பேரில் ஐந்து பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள்!

செஸ்டர்ஃபீல்டு பிரபு கதை உங்களுக்குப் பிடிக்கும். அகராதி வேலை தொடங்கிய காலத்தில் ஆதரவு கேட்டுப் போனவரை வெளியறையில் காக்கவைத்தவர், ஏழு வருஷம் கழித்து, புத்தகம் வரப்போகிறது என்றதும் பத்திரிகையில் புகழ்ந்து எழுதினார். ஜான்சன் கடிதம் போட்டார்: தண்ணீரில் உயிருக்குப் போராடுகிறவனை வேடிக்கை பார்த்துவிட்டு, அவன் கரையேறியதும் உதவுகிறேன் என்று வந்து தொந்தரவு செய்பவர்தானே புரவலர், ஐயா? எனக்கு விசா வந்த பிறகு சால்வையோடு வந்த நம் சொந்தக்காரர் ஒருவர் ஞாபகம் வந்தார். பேர் வேண்டாம், அம்மா சண்டைக்கு வருவாள்.

ஆனால் பேச்சுதான் அப்படி. ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து, பணமில்லாமல் படிப்பைப் பாதியில் விட்டவர் அவர். இல்லாதவர்களிடம் அந்த வாய் வேலை செய்யவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஜமைக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரான்சிஸ் பார்பர் சிறுவனாக அவரிடம் வேலைக்கு வந்தான். அவனைப் பள்ளிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார், கடைசியில் சொத்தில் பெரும்பகுதியை அவன் பேருக்கே எழுதினார். ஹாட்ஜ் என்று ஒரு பூனை. அதற்குச் சிப்பி வாங்க இவரே கடைக்குப் போவாராம். வேலைக்காரர்களை அனுப்பினால் அலைச்சலில் பூனைமேல் வெறுப்பு வந்துவிடும் என்று! வீட்டுக்கு எதிரே அகராதிமேல் உட்கார்ந்திருக்கிற ஹாட்ஜுக்குச் சிலை இருக்கிறது. பக்கத்தில் காலிச் சிப்பிகள். போகிறவர்கள் அதில் காசு போடுகிறார்கள்.

லண்டன் அலுத்தவனுக்கு வாழ்க்கையே அலுத்துவிட்டது என்று சொன்னவரும் இவர்தான். சரி, 1777-இல் சொன்னது. மாத முதல் தேதி வாடகை போனபின் என் கணக்கைக் காட்டியிருந்தால் கொஞ்சம் யோசித்திருப்பார்.

வெள்ளிக்கிழமை பணம் அனுப்புகிறேன். கண் பரிசோதனையை இனியும் தள்ளிப்போடாதீர்கள். தம்பியை வண்டியில் கூட்டிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் அன்பு மகன்