சின்னப் பள்ளி மாவட்டங்கள் தானாக மறையவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்கக் கிராமப் பள்ளிகளின் வரலாறு பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஒற்றை அறைப் பள்ளி, விறகு அடுப்பு, மாதத்துக்கு ஒரு வீட்டில் தங்கிப் பாடம் நடத்திய ஆசிரியை என்று பழைய காலத்தை ஆசையோடு எழுதியிருந்தார் கட்டுரையாளர். ஆனால் பிள்ளைகள் குறைந்ததால் சிறிய பள்ளி மாவட்டங்கள் (ஓர் ஊர் அல்லது வட்டாரத்தின் பள்ளிகளை நடத்தும் உள்ளாட்சி அமைப்புகள்) மறைந்துவிட்டன என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு இடிப்பது அந்த வரிதான்.

1931-32இல் அந்த நாட்டில் 1,27,000க்கு மேல் பள்ளி மாவட்டங்கள் இருந்தன. இன்று சுமார் 13,000. இதே காலத்தில் நாட்டின் மக்கள்தொகை இரண்டு மடங்குக்கு மேல் பெருகியிருக்கிறது. ஊரை விட்டுப் பிள்ளைகள் போனது ஒரு காரணம், சரி. ரோடும் பள்ளிப் பேருந்தும் வந்தது இன்னொன்று. உயர்நிலைப் பள்ளி நடத்த நாலைந்து பாட ஆசிரியர்களாவது வேண்டும், அதைத் தாங்குகிற அளவு வரிப்பணம் சின்ன ஊரில் கிடையாது என்பது மூன்றாவது. எல்லாவற்றுக்கும் மேலே, மாநில அரசுகள் சட்டம் போட்டு இணைத்தன. இந்தக் கடைசிக் காரணம் கட்டுரையில் எங்குமே இல்லை.

அங்கே பள்ளி மாவட்டம் என்பது ஏறக்குறைய ஒரு குட்டி அரசாங்கம். தனி எல்லை உண்டு, தேர்ந்தெடுக்கப்பட்ட குழு உண்டு, வீடு நிலத்தின் மேல் வரி போடும் அதிகாரமும் பெரும்பாலான இடங்களில் உண்டு. (ஹவாய் விதிவிலக்கு. முழு மாநிலமும் ஒரே மாவட்டம்.) பெண்களுக்கு நாடு முழுவதும் ஓட்டுரிமை கிடைத்தது 1920இல் என்றாலும், கன்சாஸில் 1861இலேயே பள்ளித் தேர்தலில் அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். இப்படிப்பட்ட ஓர் அமைப்பைக் கலைப்பது வெறும் கட்டடத்தைப் பூட்டுகிற வேலை இல்லை.

உதாரணத்துக்கு ஆர்கன்சா மாநிலத்தின் லேக் வியூவை எடுத்துக்கொள்கிறேன். மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய ஃபிலிப்ஸ் கவுன்டியில் இருக்கும் சின்ன ஊர். 1930களில் மத்திய அரசு கறுப்பின விவசாயக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்துக் குடியமர்த்திய திட்டத்தில் உருவானது. வரி போட அங்கே பெரிய தொழிற்சாலையா, கடைத்தெருவா? பள்ளி மாவட்டத்தின் கையில் பணம் நின்றதில்லை. 1992இல் அந்த மாவட்டம் மாநில அரசின் மேலேயே வழக்குப் போட்டது. பணக்கார ஊர்ப் பிள்ளைக்கு ஒரு படிப்பு, ஏழை ஊர்ப் பிள்ளைக்கு ஒரு படிப்பு என்று நிதி பிரிக்கிறீர்கள், இது மாநில அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்பது வாதம்.

2002இல் ஆர்கன்சா உச்ச நீதிமன்றம் லேக் வியூவின் பக்கம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. லேக் வியூவில் உயர்நிலைப் பள்ளிக் கணக்குப் பாடம் முழுவதையும் நடத்தியது ஒரே ஆசிரியர், அவருக்கும் கணக்கு நடத்தத் தகுதிச் சான்றிதழ் இல்லை. மாற்று ஆசிரியர் என்ற பெயரில் வருடத்துக்கு 10,000 டாலர் சம்பளம். அது போதாமல் பள்ளிப் பேருந்து ஓட்டி இன்னொரு 5,000 டாலர் சம்பாதித்தார். இருந்தது ஒரு கரும்பலகை, அதிலும் ஒரு பகுதியில் எழுத முடியாது. பிரிண்டர் இருந்தது, மை இல்லை. நூறு ஆய்வறிக்கைகள் சொல்லாததை இந்த ஒரு பத்தி சொல்லிவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய கட்டாயத்தில் மாநில அரசு பள்ளிகளுக்கான நிதியைக் கூட்டியது, அதை மறுக்கவில்லை. கூடவே இணைப்புப் பேச்சும் வந்தது. 1,500 பிள்ளைகளுக்குக் குறைந்த மாவட்டங்களை இணைக்கலாம் என்று ஆளுநர் மைக் ஹக்கபீ முன்வைத்தார். சட்டமன்றத்தில் இழுபறிக்குப் பிறகு 350இல் வந்து நின்றது. தொடர்ந்து இரண்டு வருடம் அதற்குக் கீழே இருந்தால் அந்த மாவட்டத்தை வேறொரு மாவட்டத்தோடு இணைக்க வேண்டும் என்றது அன்றைய சட்டம். 1948இல் அதே மாநிலத்தில் மக்கள் ஓட்டுப் போட்டுக் கொண்டுவந்த சட்டத்திலும் இதே 350தான் எல்லைக் கோடு. அந்தச் சட்டம் ஒரே வீச்சில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாவட்டங்களைக் கலைத்தது.

லேக் வியூவில் 350 பிள்ளைகள் இல்லை. 2004 ஜூலையில் அது பார்ட்டன்-லெக்ஸா மாவட்டத்தோடு இணைக்கப்பட்டது. வழக்குப் போட்டு ஜெயித்த மாவட்டமே போய்விட்டது, வழக்கு மட்டும் 2007 வரை நடந்தது.

இதைப் படித்துவிட்டு, சின்ன மாவட்டம் என்றாலே நல்லது என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒரே கணக்கு ஆசிரியரை நம்பி ஒரு தலைமுறை கிடந்ததை எப்படி நியாயப்படுத்துவது? இணைத்த பிறகு பல இடங்களில் பாடங்கள் கூடின, ஆய்வகம் வந்தது. ஆனால் லேக் வியூவின் நோய் வறுமை, கொடுத்த மருந்தோ தலையை எண்ணுவது. வளமான எண்ணெய்க் கிணறோ மின் நிலையமோ தன் எல்லைக்குள் இருக்கும் குட்டி மாவட்டம் தாராளமாகச் செலவு செய்ய முடியும், ஆயிரம் பிள்ளைகள் உள்ள ஏழை மாவட்டம் தள்ளாட வேண்டியிருக்கும். எண்ணிக்கையைப் பார்த்தால் இது தெரியாது.

மக்கள் இதை எளிதில் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் இல்லை. நெப்ராஸ்காவில் தொடக்கப் பள்ளி மட்டும் நடத்திவந்த சிறு மாவட்டங்களைக் கலைக்க 2005இல் சட்டம் வந்தது. 2006 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் அதை ரத்து செய்தார்கள். அதற்குள் அந்த மாவட்டங்களைக் கலைத்தே முடித்திருந்தார்கள். ஓட்டு ஜெயித்தும் பள்ளிகள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதி வரும் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் விறகு அடுப்புக்குக் கொடுக்கும் இடத்தில் பாதியையாவது சொத்து வரிக்கும் இணைப்புச் சட்டங்களுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள். லேக் வியூ தீர்ப்பின் அந்தப் பத்தியைத் தமிழில் அப்படியே போட்டாலும் நல்லது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்