நகைக்கடன் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் மகளுக்கு

பாப்பா,

போன் செய்தால் "வேலையா இருக்கேம்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய், அந்த அப்புறம் வருவதே இல்லை, அதனால்தான் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். மத்தியானம் சாப்பிடும்போது படி. சாப்பிடுகிறாய்தானே?

இங்கே சம்பா அறுப்பு முடிந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்கவில்லை, மறுபடி கொட்டிக் காயவைத்து, ராத்திரியெல்லாம் அப்பாதான் மூட்டைக்குக் காவல் கிடந்தார். பணம் இன்னும் கணக்கில் ஏறவில்லை. பெரியப்பா வீட்டுப் பஞ்சாயத்தை நேரில் சொல்கிறேன், எழுதினால் மாளாது.

பேங்க்கில் உன்னை நகைக்கடன் பார்க்கப் போட்டிருக்கிறார்கள் என்பதே தம்பி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பெருமையாகத்தான் இருக்கிறது, தெருவில் நாலு பேரிடம் சொல்லியாச்சு. ஆனால் மனசு அடித்துக்கொள்கிறது. பெரம்பலூர்ப் பக்கம் மக்காச்சோளத்தையும் சின்ன வெங்காயத்தையும் நம்பி நகை வைக்கிற ஜனங்கள். வெங்காயம் விலை விழுந்த வருஷம் அந்தத் தோடும் ஜிமிக்கியும் உங்கள் லாக்கரிலேயேதான் கிடக்கும். கெடு முடிந்ததும் அசலையும் வட்டியையும் சேர்த்துக் கட்டு, மறுநாள் வேண்டுமானால் திரும்ப வை என்றால் நகை வைத்தவள் எங்கே போவாள்? ஒரு நாளைக்குப் பணம் கொடுத்து நகையை மீட்டுவிட்டு, மறுபடி வைத்ததும் கமிஷனோடு பிடுங்கிக்கொள்கிறவன் வாசலிலேயே நிற்கிறான், இங்கேயும் பார்க்கிறேனே. அவள் அவனோடு உள்ளே வருவதைப் பார்த்துக்கொண்டு நீ எப்படி உட்கார்ந்திருப்பாய்? நீதான் சின்ன வயசில் அடுத்த வீட்டுக் கோழி செத்ததற்கே ராத்திரி சோறு வேண்டாம் என்றவளாச்சே.

மாமா போன வாரம் வந்திருந்தார். ரிடையர் ஆகியும் பேங்க் பேச்சை விடவில்லை. பேங்க்கில் வேலை பார்க்கிறவர் வாடிக்கையாளருக்குச் சொந்தப் பணத்தைக் கடனாகக் கொடுப்பதே நடத்தை விதிப்படி தப்பாம், பாவம் பார்த்துத்தான் கொடுத்தேன் என்றால் விசாரணையில் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்களாம். அவர் பொதுவாகத்தான் சொன்னார். நானும் பொதுவாகத்தான் சொல்கிறேன்.

இரக்கம் காட்ட வேண்டாம் என்று சொல்லவில்லை, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது நீ ஹாஸ்டலில் இருந்தாய், தோப்பு கிடந்த கிடையை நீ பார்க்கவில்லை. அப்பா திண்ணையை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கடன் வசூலுக்குத்தான் வருகிறார் என்று நாங்கள் நினைத்த அந்தப் பேங்க் ஆபீசர், செருப்போடு தோப்புக்குள் போய் விழுந்த மரத்தையெல்லாம் தாண்டித் தாண்டிப் பார்த்துவிட்டு வந்து ஒரு சொம்பு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம், இயற்கைச் சேதத்துக்குக் கெடுவைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி விதியிலேயே இடமிருக்கிறது, விஏஓவிடம் சான்று வாங்கிக்கொண்டு வந்து மனு எழுதிக் கொடுங்கள், பேசாமல் இருந்துவிட்டால் வாராக்கடனில் போய்விடும் என்றார். ஒரு ரூபாய் தள்ளுபடி இல்லை. தன் பையிலிருந்து ஒரு பைசா எடுக்கவில்லை. இன்றைக்கும் அப்பா அவர் பேச்சை எடுக்காத மாதம் உண்டா?

அதே வருஷம் இன்னொரு இடத்தில், பேர் வேண்டாம், கவுன்ட்டரில் இருந்தபடியே என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு "வட்டியே கட்டலையே, எப்பம்மா கட்டுவீங்க" என்று கேட்டான். பின்னால் நம் தெருக்காரி நின்றிருந்தாள். நகை போயிருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. யாரிடமும் அப்படிக் கேட்காதே. உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்துக் கேள். வசூலுக்கு ஆள் போட்டால் காலை 8 மணிக்கு முன்னாலும் ராத்திரி 7 மணிக்கு மேலும் போன் போடக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியாச்சாம், மாமாதான் சொன்னார், அதையும் பார்த்துக்கொள்.

நகைக்கடனுக்கு 2025 ஜூனில் புது விதி வந்ததே, 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லாரும் மாறியாக வேண்டும் என்றார்களே. இரண்டரை லட்சம் வரைக்குமான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் கொடுக்கலாம் என்பதைத்தான் எல்லாரும் பேசுகிறார்கள். அதில் எனக்குப் பிடித்தது வேறு. எல்லாவற்றையும் வைக்கிறவருடைய மொழியில் சொல்ல வேண்டும், எழுத்துத் தெரியாதவருக்குச் சாட்சி வைத்துப் படித்துக் காட்ட வேண்டும், ஏலம் போனால் கடன் போக மிச்சத்தை 7 வேலை நாளுக்குள் திருப்பிக் கொடுக்க வேண்டும். தங்கம் விற்கிற விலைக்கு மிச்சம் பெரும்பாலும் இருக்கும். ஏலம் என்றாலே எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டு போகிறவளிடம் அந்த மிச்சத்தைக் கேட்டு வாங்கச் சொல்லு. கெடுவுக்கு ரெண்டு மாதம் முன்னாலேயே போன் போட்டுச் சொல்லு. ஊரில் எப்போது எது அறுப்பு என்று தெரிந்துகொண்டு, காசு கையில் வருகிற மாதத்தில் கெடு விழுகிற மாதிரி நகை வைக்கும்போதே பார்த்துச் சொல்லு. இதெல்லாம் உன் கையில் இருக்கிற விஷயம், இதற்கு மெமோ கொடுக்க மாட்டார்கள். சொந்தப் பணத்தை மட்டும் எடுக்காதே. ஒருத்திக்குக் கொடுத்தால் மறுநாள் பத்துப் பேர் வருவார்கள், எல்லாருக்கும் கொடுக்க உனக்குச் சம்பளம் எவ்வளவு?

பொங்கலுக்கு வந்தபோது உன் கையில் அந்த ரெண்டு வளையலும் இல்லை. ஆபீசுக்குப் போட்டுப் போவதில்லை என்றாய். பொங்கலன்றைக்கு ஏதடி ஆபீஸ்? நானும் மேலே கேட்கவில்லை, கரும்பை வெட்டிக்கொண்டே இருந்துவிட்டேன். உன் கோச்சிங் பீஸுக்கு என் அட்டிகை எத்தனை தடவை போய் வந்தது என்று உனக்கே தெரியும், அதைச் சொல்லிக் காட்டவில்லை, நகை போனால் போகிறது. வேலை போய்விடக் கூடாது. எதுவாக இருந்தாலும் மாமாவிடமாவது பேசு, அவர் என்னிடம் சொல்ல மாட்டார். சொன்னாலும் நான் கேட்டதாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

மார்ச் பிறந்துவிட்டால் உனக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வரும் ரெண்டாம் சனிக்கிழமை லீவுதானே, வெள்ளிக்கிழமை ராத்திரியே பஸ் ஏறிவிடு. நான் எதுவும் கேட்க மாட்டேன், அப்பா கேட்பார், பதிலை இப்போதே யோசித்து வைத்துக்கொள்.

அம்மா