கைலியைத் திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விடுமுறை வந்தால் எங்கள் சுங்கை சிப்புட்டிலிருந்து நாலைந்து குடும்பங்களாவது இந்தோனேசியாவின் ஜோக்ஜாவுக்கு (யோக்யகர்த்தா) கிளம்பிவிடும். பொரோபுடூர், பிரம்பானான் கோயில்களைப் பார்த்துவிட்டு, கடைசி நாள் மாலியோபோரோ தெருவிலுள்ள பெரிங்ஹார்ஜோ சந்தையில் பை நிறைய பாத்தேக், அதாவது மெழுகால் கோலமிட்டுச் சாயம் ஏற்றும் துணி, வாங்கி வருவார்கள். நானும் போன வருடம் அப்படித்தான் ஆறு கைலி வாங்கினேன்.

மறுநாள் சுற்றுலாக் குழுவை விட்டுவிட்டு, நானும் தங்கையும் கார் பிடித்து கிரிலோயோ கிராமத்துக்குப் போனோம். நகருக்குத் தெற்கே, இமோகிரி அரச சமாதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. திண்ணையில் நாலு பெண்கள் சின்ன அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து துணியில் மெழுகால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மெழுகுக்குப் பெயர் மாலாம், நமக்குத் தெரிந்த மலாயில் அது இரவு! சாந்திங் என்ற மூக்குவைத்த சின்னக் கரண்டியில் மெழுகை மொண்டு, அதன் மூக்கை ஒருமுறை ஊதி, இடது கையைத் துணிக்கு அடியில் கொடுத்து ஒவ்வொரு புள்ளியாக வைக்கிறார்கள். அப்புறம் சாயம், கொதிநீரில் மெழுகை எடுப்பது, மறுபடி மெழுகு, மறுபடி சாயம் என்று ஒரு துணி முடிய மாதக்கணக்கில்கூட ஆகுமாம்.

நான் வாங்கியதை அங்கிருந்த ஒரு இபுவிடம் (அம்மாவிடம்) காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டார். ஐந்தின் பின்பக்கம் வெளிறிக் கிடந்தது, அத்தனையும் இயந்திரத்தில் அச்சடித்தவை. ஒன்று மட்டும் செப்பு அச்சால் மெழுகு ஒற்றிய பாத்தேக் சாப். கையால் எழுதும் பாத்தேக் தூலிஸ் ஒன்றுகூட இல்லை. அச்சுத் துணி வாங்குவது தப்பில்லை, வீட்டில் கட்ட அது போதும், ஆனால் கைவேலை என்று சொல்லி அதை விற்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2009இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது மெழுகும் கையும் சேர்ந்த இந்த வேலையைத்தான். ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டப் போன எங்கள் அம்மா ஆயுள் முழுக்கக் கட்டியது பாத்தேக் கைலி. அந்தப் பூவெல்லாம் ஒரு காலத்தில் யாரோ ஒருத்தி ஊதி ஊதி வைத்த புள்ளி என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுற்றுலா நடத்தும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கமிஷன் தரும் பெரிய கடையில் இரண்டு மணி நேரம் நிறுத்துவதற்குப் பதில் கிரிலோயோவுக்கோ, சோலோ நகருக்குப் போனால் அங்குள்ள பாத்தேக் பேட்டையான லாவேயானுக்கோ அரை நாள் ஒதுக்குங்கள். போகிறவர்களும் சந்தையில் தாராளமாகப் பேரம் பேசுங்கள், ஆனால் அந்தத் திண்ணையில் மட்டும் பாதி விலைக்குக் கேட்காதீர்கள்.

வாசகி,
சுங்கை சிப்புட், பேராக்