2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய போசகர் ஐயா, தலைவர் அவர்களே, நிர்வாகக்குழு நண்பர்களே, ஆண்டு முழுவதும் வாட்ஸ்அப்பில் மட்டும் காட்சி தந்துவிட்டு இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

லண்டன் உதைபந்தாட்டக் கழகமான ஆர்சனலுக்கு ரசிகர்களான எமது வட்டத்தின் நிர்வாகக்குழு கடந்த ஆண்டில் ஒன்பது தடவை கூடியது. இரண்டு கூட்டங்கள் கோரத்துக்குப் போதிய ஆள் இல்லாமல் கலைந்தன. இரண்டும் மழை நாட்கள் என்று குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். மழை பெய்ததா என்று யாரும் கேட்கவேண்டாம்.

கோடைகால வீரர் கொள்வனவைப் பற்றி இம்முறை விரிவாக எழுதும்படி தலைவர் கேட்டுக்கொண்டார். ஜூலையிலும் ஓகஸ்டிலும் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வேறு கதையே இல்லை என்பதால் அது நியாயம்தான். கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

வீரர்களை வாங்கி விற்கும் பொறுப்பிலிருந்த, எடு என்று பெயர் கொண்ட ஆர்சனல் விளையாட்டுப் பணிப்பாளர் 2024 நவம்பரில் விலகினார். "எடு போன பிறகுதான் எடுக்கவே தொடங்கினோம்" என்ற உபதலைவரின் வசனத்தை அறிக்கையில் சேர்க்கச் சொன்னார்கள், சேர்த்துவிட்டேன். ஆனால் 2023இல் டெக்லன் ரைஸ் வந்தது எடுவின் காலத்தில்தான் என்பதையும் பதிவு செய்யவேண்டும். அவருடைய கதிரைக்கு 2025 மார்ச் கடைசியில் வந்தவர், அத்லெட்டிகோ மட்ரிட்டில் நீண்டகாலம் அதே வேலையைச் செய்த இத்தாலியர் அன்ட்ரியா பேர்ட்டா. உதைபந்தாட்டத்துக்கு வருமுன் வங்கியில் இருந்தவர் என்பதால் எங்கள் பொருளாளருக்கு அவர்மீது தனிப் பற்று.

பேர்ட்டா பேரம் பேசும் விதம் புறக்கோட்டையில் சாமான் வாங்கியவர்களுக்குப் புதிதல்ல. ஒரு கடையில் நின்று விலை கேட்பார், கண் பக்கத்துக் கடையில் இருக்கும். முன்கள வீரர் வேண்டும் என்று முதலில் லைப்சிக்கின் செஸ்கோவுக்காகக் கதைத்தார்கள். விலை இறங்கவில்லை. உடனே லிஸ்பன் பக்கம் திரும்பினார்கள். அங்கே ஸ்போர்ட்டிங் கழகத்தில் 102 ஆட்டங்களில் 97 கோல் அடித்த விக்டர் கியோகெரெஸ். (இந்தப் பெயரை எங்கள் வட்டத்தில் நான்கு விதமாக உச்சரிக்கிறார்கள். மூத்த உறுப்பினர்கள் 'யோகேஸ்' என்று முடித்துவிட்டார்கள். அதுவே நிலைக்கும்போலிருக்கிறது.)

ஒப்பந்தத்தில் அவருடைய விடுவிப்புத் தொகை, அதாவது கட்டினால் கழகம் ஆளை விட்டே ஆகவேண்டிய தொகை, 100 மில்லியன் யூரோ. ஆனால் 60 மில்லியனும் மேலதிகமாக 10 மில்லியனும் தந்தால் விடுவோம் என்று வாய்ப்பேச்சு இருந்ததாக வீரரின் பக்கம் சொன்னது. ஸ்போர்ட்டிங் தலைவர் ஃபிரெடெரிக்கோ வரண்டாஸ் பகிரங்கமாக மறுத்தார். அப்படி ஒரு வாக்குத் தரவில்லை, அந்த விலைக்குப் போகவும் மாட்டார் என்றார். வீரர் பயிற்சிக்கு வரவில்லை. வாரக்கணக்கில் இழுபட்டு ஜூலை 26இல் ஆள் வந்தபோது விலை என்ன? 63.5 மில்லியன் யூரோவும் மேலதிகமாக 10 மில்லியனும். வரண்டாஸ் சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது, அவர் மறுத்த 60ஐவிட மூன்றரை கூட. ஆர்சனல் மனதில் வைத்திருந்த விலையிலிருந்தும் பெரிதாக நகரவில்லை. இரண்டு பக்கமும் வீட்டுக்குப் போய் "நான்தான் வென்றேன்" என்று சொல்லக்கூடிய இடத்தில் விலையை நிறுத்துவதுதான் பேர்ட்டாவின் கெட்டித்தனம். அன்றிரவே அதைக் குழுவில் எழுதினேன், ஒருவரும் பதில் போடவில்லை, இப்போது பதிவில் ஏற்றுகிறேன்.

இந்த இழுபறியில் நட்டப்பட்டவர் எமது முன்னாள் உபசெயலாளர். ஜூலை 27 நியூகாசில் ஆட்டத்தைப் பார்க்கச் சிங்கப்பூருக்கு டிக்கெட் எடுத்திருந்தார். யோகேஸ் அதில் ஆடவில்லை. நான்கு நாள் கழித்து ஹொங்கொங்கில்தான் இறங்கினார். உபசெயலாளர் அப்போது கட்டுநாயக்கவிலிருந்து வீட்டுக்கு வந்து உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தார்.

மற்றக் கொள்வனவுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோல்காப்பாளர் கேப்பா 5 மில்லியன் பவுண் விடுவிப்புத் தொகைக்கு வந்தார், அதில் பேரத்துக்கு இடமில்லை. ப்ரென்ட்ஃபர்ட் அணித்தலைவர் நோர்கார்ட், வயது 31, ஏறத்தாழ 10 மில்லியன். வலென்சியாவின் மொஸ்கேராவுக்கு ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வருடம் மிச்சம் இருந்தது; அதனால் சுமார் 13 மில்லியனுக்கு 21 வயதுப் பின்கள வீரர் கிடைத்தார். என்னைக் கேட்டால் கோடையிலேயே மலிவான நல்ல சாமான் அதுதான். செல்சியிலிருந்து மடுவேக்கே வந்தபோது இங்கிலாந்தில் சில ரசிகர்கள் எதிர்ப்பு மனு எழுதினார்கள், மைதானத்துக்குப் பக்கத்துச் சுவர்ச் சித்திரம் ஒன்றையும் அசிங்கப்படுத்தினார்கள். எங்கள் குழுவிலும் மூன்று பேர் அந்த மனுவின் இணைப்பை அனுப்பினார்கள். வருவதற்கு முன்பே ஒரு பையனை விரட்டுவது எமது வட்டத்துக்கு அழகல்ல என்று நிர்வாகக்குழு அன்றே தீர்மானித்தது. அந்த மூவரும் பின்னர் அவருடைய பெயர் போட்ட சட்டை கேட்டுப் பொருளாளரிடம் வந்ததை இங்கே குறிப்பிடாமல் விட என் மனம் இடம் தரவில்லை.

சுபிமெண்டியின் கதை வேறு. ரியல் சொசிடாட் அவருக்கு வைத்திருந்த விடுவிப்புத் தொகை 60 மில்லியன் யூரோ. அந்தத் தொகையை ஒரேயடியாகக் கட்டாமல் தவணையில் கட்டுவதற்காக ஆர்சனல் சற்றுக் கூடுதலாகவே கொடுத்ததாகச் செய்திகள் வந்தன. "கூடக் குடுத்தது மடத்தனம்" என்று போசகர் ஐயா ஓகஸ்ட் கூட்டத்தில் சொன்னார். பொருளாளர் எழுந்து, ஐயா, தவணைக்குக் குளிர்சாதனப் பெட்டி வாங்கினால் கடைக்காரன் சும்மாவா தருகிறான் என்று தொடங்கி வீரர் விலையைக் கணக்கில் எழுதும் முறையையே விளக்கினார். 60 மில்லியனுக்கு ஐந்து வருட ஒப்பந்தத்தில் வாங்கினால் வருடத்துக்கு 12 மில்லியன்தான் செலவாக ஏறும். விற்றால் வரும் இலாபமோ முழுவதும் அதே வருடத்தில் வரவாக விழும். அதனால்தான் கழகங்கள் எல்லாம் விற்கத் துடிக்கின்றன. ஐயா கேட்டுவிட்டு, "அப்ப ஆர்சனல் ஏன் விக்கேல்லை?" என்றார். பொருளாளர் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கேள்விக்கு வட்டத்தின் சார்பில் நானும் பதில் சொல்ல முடியாது. ஏறத்தாழ 250 மில்லியன் பவுணுக்கு வாங்கிய கழகம் விற்றதில் சொல்லும்படியாக ஒன்றுமில்லை. பார்ட்டே ஒப்பந்தம் முடிந்து போனார். டியர்னி செல்டிக்குக்குச் சும்மா போனார். டொமியாசுவின் ஒப்பந்தத்தை இரு தரப்பும் பேசி முறித்தன. சின்சென்கோ, நெல்சன், ஃபாபியோ வியேரா எல்லோரும் இரவல். இலங்கையில் பத்து வருடம் ஓடிய காரை வாங்கிய விலைக்கு மேலேயே விற்கிறார்கள். இவர்களுக்கு மூன்று வருடம் ஆடிய வீரரை விற்கத் தெரியவில்லை. உயர்ந்த சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் அந்தச் சம்பளத்தை வேறு கழகம் கொடுக்காது. ஒப்பந்தம் கரையக் கரைய விலையும் கரையும். வாங்குவதில் பேர்ட்டாவுக்கு ஏ போடுகிறேன். விற்பதில், மட்டுமட்டான சித்திக்குப் போடும் எஸ் கூடப் போடமாட்டேன்.

இப்போது எங்கள் சொந்தக் கொள்வனவு. பழைய புரொஜெக்டர் மே மாதம் கண்ணை மூடியது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் பாவித்த ஒன்று 85,000 ரூபா சொன்னார்கள். நாங்கள் 75,000 என்றோம். 80,000க்கு இறங்கினார்கள். பேர்ட்டாவைப் பார்த்த உற்சாகத்தில் இன்னும் காத்திருப்போம் என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். மூன்று கிழமை கழித்துப் போனால் சாமான் இல்லை. பக்கத்துக் கடையில் விலை கேட்டு வைக்காமல் பொறுமை காத்தது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். கடைசியில் சீசன் தொடங்க இரண்டு நாள் இருக்கும்போது வேறிடத்தில் 88,000 ரூபாவுக்கு, உத்தரவாதம் இல்லாமல் வாங்கினோம்.

ஓகஸ்ட் 20, புதன்கிழமை. கிரிஸ்டல் பலஸின் எஸேயை, வடக்கு லண்டனில் எமது பரம வைரியான டொட்டன்ஹாம் ஏறத்தாழ முடித்துவிட்டிருந்தது. பொருளாளரின் மருமகன் டொட்டன்ஹாம் ரசிகர். நல்ல பிள்ளை, அது ஒன்றுதான் குறை. அன்றிரவு சாப்பாட்டு மேசையில் இடியப்பத்துக்குச் சொதி ஊற்றிக்கொண்டே "மாமா, எஸே முடிஞ்சுது" என்றாராம். பொருளாளர் ஒன்றும் பேசவில்லை. எங்கள் முன்கள வீரர் ஹாவெர்ட்ஸுக்கு முழங்காலில் காயம் என்ற செய்தி அதற்குள் வந்திருந்தது. கொழும்பில் நள்ளிரவு தாண்டிய பிறகு குழு கொதிக்கத் தொடங்கியது: ஆர்சனல் குறுக்கே புகுந்துவிட்டது, 60 மில்லியன் பவுணும் மேலதிகமாக 7.5 மில்லியனும், பலஸும் சம்மதம். பொருளாளர் மருமகனை எழுப்பவில்லை. காலையில் தேத்தண்ணியைக் கையில் கொடுத்து, "தம்பி, முதல்ல இதைக் குடியுங்கோ. குடிச்சிட்டு ஆறுதலா போனைப் பாருங்கோ" என்றாராம்.

13 வயதில் ஆர்சனல் பயிற்சிக் கூடத்திலிருந்து அனுப்பப்பட்ட பையன் எஸே. கியோகெரெஸுக்காக வாரக்கணக்கில் காத்துக் கிடந்த அதே ஆட்கள், இதை ஓர் இரவில் முடித்தார்கள். பேரத்தில் பொறுமை என்பது சாமான் உனக்காகவே காத்திருக்கும் என்று தெரியும்போது மட்டும்தான். அதை நான் புரொஜெக்டருக்கு 8,000 ரூபா கூடக் கட்டிப் படித்தேன்.

செப்டெம்பர் 1, சந்தை மூடும் நாள். இங்கிலாந்தில் மாலை ஏழு மணி, எங்களுக்கு இரவு பதினொன்றரை. கொழும்பு காலி வீதியில் ஒரு கொத்துக் கடையில் பதினொரு பேர் இருந்தோம். லெவர்குசனின் பின்கள வீரர் இன்காபியே வந்தார். முதலில் இரவல், விரும்பினால் பிறகு 45 மில்லியன் பவுணுக்கு வாங்கலாம். அவருக்கு இடம் விட்டு கிவியோர் போர்ட்டோவுக்குப் போனார். கொத்து ஆறிவிட்டது.

நவம்பர் 23 டொட்டன்ஹாம் ஆட்டத்துக்கு மண்டபம் நிறைந்தது. எங்கள் நேரம் இரவு பத்து மணி. 41ஆம் நிமிடத்தில் எஸே அடித்தார். புதிய புரொஜெக்டர் சூடேறியதால் இடைவேளையில் அணைத்து வைத்தோம். திரும்பப் போட்டபோது நீலத் திரை மட்டும் தெரிந்தது. வெளியே முச்சக்கர வண்டியில் போனில் பார்த்துக்கொண்டிருந்த சாரதி ஒருவர் கத்திய கத்தலில்தான் அவருடைய இரண்டாவது கோலை அறிந்தோம். மூன்றாவதைப் பார்த்தோம். 4-1. வடக்கு லண்டன் ஆட்டத்தில் 1978க்குப் பிறகு விழுந்த முதல் ஹட்ரிக். மருமகன் 76ஆம் நிமிடத்தில் எழுந்துபோய் எல்லோருக்கும் பிளேன்டி சொல்லிவிட்டு வந்தார். அடுத்த ஆண்டு அவரைக் கௌரவ உறுப்பினராக்கும் யோசனையை நான் முன்மொழிகிறேன்.

அந்த வாரம் முடியுமுன் டித்வா புயல் வந்தது. களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் எங்கள் உறுப்பினர் நால்வரின் வீடுகளில் தண்ணீர் ஏறியது. நவம்பர் 30 செல்சி ஆட்டத்தைத் திரையிடவில்லை. அதற்கெனச் சேர்த்த பணத்தையும் சட்டைக்கென ஒதுக்கிய பணத்தையும் உலருணவுக்கும் பாய்களுக்கும் செலவிட்டோம். முன் அனுமதி கேட்க நேரம் இருக்கவில்லை. இன்று சபை அதை ஏற்று அங்கீகரிக்கவேண்டும். தண்ணீர் வடிந்த பிறகு வீடு கழுவ வந்த பதினாறு பேரின் பெயர்கள் குறிப்பேட்டில் இருக்கின்றன.

எழுவர் அணியின் கோல்காப்பாளரை வேறொரு வட்டம் இழுத்துக்கொண்டது. ஈடாக ஒரு பந்துகூடக் கேட்காமல் விட்டோம். விற்பனை விடயத்தில் நாங்கள் உண்மையான ஆர்சனல்காரர்கள். பதிலுக்கு ஒருவரை இரவல் கேட்டிருக்கிறோம், பதில் வரவில்லை. உயரமான மருமகன், மைத்துனர் யாரேனும் இருந்தால் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லவும்.

சந்தா நிலுவை வைத்திருப்போர் இருபத்து மூன்று பேர். பெயர்களை வாசிக்கவேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார். தவணையில் கட்டலாம், சற்றுக் கூடுதலாகக் கட்டவேண்டியதில்லை. பொருளாளர் வாசலுக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்
கொழும்பு 06, ஜனவரி 2026